கடப்பா கல் மேடை

தம்மாம்
12-3-1980

ஆபாவுக்கு ஜியாவுல்லாவின் சலாம்.

உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி என்று விசாரித்து எழுதும் மனநிலையில் நான் இல்லை. முன்னியின் கடிதம் நேற்று வந்தது. ஆரணியிலிருந்து டாக்ஸி வைத்துக்கொண்டு உங்களை அழைத்துப்போக வந்த தம்பி பெண்டாட்டியை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டீர்களாமே! சாவியை மடியில் முடிந்துகொண்டு நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்களாம். டாக்ஸிக்காரன் சிரித்தானாம். தெருவே வேடிக்கை பார்த்ததாம்.

அம்மாவின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த அன்று என்ன பேசினோம்? நான் விமானம் ஏறியதும் நீங்கள் ஆரணிக்குப் போய் முன்னியோடும் பிள்ளைகளோடும் இருப்பது என்று பேசினோமா இல்லையா? அப்போது நீங்கள் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காவிட்டால் சம்மதம் என்றுதானே அர்த்தம்?

நாலு வயதில் அந்தக் காய்ச்சல் உங்கள் இரண்டு காலையும் எடுத்துக்கொண்டு போனதிலிருந்து அம்மாதான் உங்களுக்குக் கால். அம்மா இல்லாத வீட்டில் தண்ணீர் யார் இறைப்பார்கள்? கொல்லைப்புறம் யார் கூட்டிப்போவார்கள்? பகலிலேயே ஏதாவது ஆனால் கூப்பிட ஆள் உண்டா? இங்கே என்னோடு வேலை செய்யும் போளூர்க்காரன் ஒருவன் கேட்டான்: "இன்னா பாய், நீங்க இங்க சம்பாரிக்கிறீங்க, அக்காவ அங்க தனியா விட்டுட்டீங்களாமே?" எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

முன்னி அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி வருவாள். பிடிவாதம் வேண்டாம்.

தம்பி
ஜியாவுல்லா

—

திருவண்ணாமலை
2-4-1980

அன்புள்ள ஜியாவுக்கு ஆபா எழுதியது. வ அலைக்கும் சலாம்.

முன்னி வந்தாள். டீ போட்டுக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனாள். நான் போகவில்லை.

அன்றைக்கு நான் வாயைத் திறக்காதது சம்மதத்தால் இல்லை. நீ, உன் மாமனார், ஜமாத்தில் இரண்டு பேர், எல்லோரும் நின்றுகொண்டு பேசினீர்கள். நான் கீழே உட்கார்ந்திருந்தேன். என் முகம் உங்களில் யாருக்கும் தெரியவில்லை. யாராவது குனிந்து கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

போன வருஷம் உன் இரண்டாவது பிள்ளை பிறந்தபோது ஆரணியில் பத்து நாள் இருந்தேனே, நினைவிருக்கிறதா? அங்கே தண்ணீர்க் குடம் ஸ்டாண்டின் மேல். அடுப்பு நிலைப்படி தாண்டி அடுத்த அறையில். கக்கூஸ் முற்றம் தாண்டி, படி ஏறி. அம்மா பிரசவ அறையிலேயே இருந்தாள், ஒவ்வொன்றுக்கும் வேறு யாரையாவது கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் வருவார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வரும்போது ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு வருவார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். குடித்தால்தானே போக வேண்டும்? நாக்கு வறண்டு, தலை சுற்றி, வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இந்த வீட்டில் என் கைக்கு எட்டாதது எதுவும் இல்லை. அடுப்பு தரையில். பருப்பு டப்பா, உப்பு, மிளகாய் எல்லாம் சுவரோரம் தரையில். நகர்வதற்குச் சக்கரப் பலகை. எழுந்து உட்கார உத்தரத்திலிருந்து கயிறு. கை மெஷினும் தரையில்தான் இருக்கிறது, தெருவில் பாதிப் பேர் போடும் ரவிக்கை நான் தைத்தது. நான் தைத்ததில் நான் சாப்பிடுகிறேன். உன்னிடம் கேட்டேனா?

எனக்கு இல்லாதது இரண்டு கால். அதற்கு ஆள் பார்த்துக்கொண்டேன். அடி அண்ணாமலையிலிருந்து பச்சையம்மாள் என்று ஒருத்தி. காலையில் வந்து தண்ணீர் இறைத்து, என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போய், குளிக்கவைத்துவிட்டுக் கழனி வேலைக்குப் போய்விடுவாள். பொழுது சாய வந்து ஒரு தரம் பார்த்துவிட்டுப் போவாள். மற்றதெல்லாம் நான். சமையலில் அவள் கை வைக்கக் கூடாது.

போளூர்க்காரனிடம் சொல், உங்கள் அக்காவைப் பற்றிக் கவலைப்படுங்கள் என்று.

ரசியா

—

தம்மாம்
25-4-1980

ஆபாவுக்கு சலாம்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். தண்ணீர் குடிக்காமல் இருந்த விஷயத்தை அப்போதே சொல்லியிருக்கலாமே! முன்னியைக் கேட்டு எழுதினேன். "உங்க ஆபா எதையும் வாய் விட்டுக் கேட்டாத்தானே எங்களுக்குத் தெரியும், மனசுல இருக்கறத நான் இன்னா கண்டேன்" என்று பதில் எழுதியிருக்கிறாள். அவளும் தப்பாகச் சொல்லவில்லை.

சரி, இருங்கள். ஒரு வருஷம் பார்க்கலாம். ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கூடப் பிறந்தவன் நான் ஒருவன், கட்டிவந்தவள் ஒருத்தி, இத்தனை பேர் இருக்கும்போது முன்பின் தெரியாத கழனி வேலைக்காரி உங்களைத் தொட்டுக் குளிப்பாட்டுகிறாள் என்றால் கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது. கூலிக்கு வருகிறவள் ஒருநாள் வராமல் நின்றுவிட்டால்?

நமக்கு வீட்டில் பேச உருது, எழுத வருவது தமிழ்தான். உருதுவில் எழுதத் தெரிந்திருந்தால் இதைவிட நன்றாகத் திட்டியிருப்பேன்.

ஜியாவுல்லா

—

திருவண்ணாமலை
5-12-1980

அன்புள்ள ஜியா,

நீ பயந்தபடியே ஆகிவிட்டது. பச்சையம்மாள் வராமல் நின்றுவிட்டாள். பதறாதே, தீபத்துக்குத்தான். கார்த்திகை தீபத்துக்கு மலை சுற்றும் ஜனம் அவள் வீட்டு வாசலோடுதான் போகிறது. அவித்த மல்லாட்டைக் கடலையும் மோரும் விற்றால் அந்த மூன்று நாளில் கழனி வேலையைவிட ஜாஸ்தி கிடைக்கும். "வரலன்னா கோச்சுக்குவீங்களா பாயம்மா?" என்று கேட்டாள். போ என்றேன். முன்னாடியே தண்ணீரை எல்லாப் பானையிலும் ரொப்பி, வாளியை எங்கே வைப்பது, எதைப் பிடித்து எப்படி இறங்குவது என்று இரண்டு பேரும் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போனாள்.

நன்றாகவே சமாளித்தேன். பக்கத்து வீட்டுக்காரி பிரியாணி கொண்டுவந்து, "அய்யோ பாவம், தீபத்தன்னிக்கு இப்படித் தனியா விட்டுட்டுப் போயிட்டாளே" என்று மூக்கைச் சிந்தினாள். பிரியாணியை வாங்கிக்கொண்டேன். மலை மேல் தீபம் ஏற்றியதை நம் வாசலிலிருந்தே பார்த்தேன், அதற்கு என்னை யாரும் தூக்க வேண்டியிருக்கவில்லை.

பச்சையம்மாளும் முதலில் இப்படித்தான் மூக்கைச் சிந்தினாள். வந்த புதிதில் நான் சோற்றுத் தட்டை எடுக்கப்போனால் அவள் எடுத்துவிடுவாள். வாயைத் துடைக்க வந்தாள் ஒருநாள். கரண்டியால் கையில் ஒன்று வைத்தேன். "நான் கேக்காம தொடாதே, நான் கேட்டா இல்லன்னாதே" என்றேன். "இன்னாமா இது, ஒதவி பண்ண வந்தா அடிக்கிறீங்க" என்று கோபித்துக்கொண்டு போனவள், அடுத்த நாள் வந்து முறத்தைத் தள்ளி உட்கார்ந்து, "சரி, கேளுங்க. இன்னா செய்யணும்?" என்றாள். அன்றிலிருந்து எங்களுக்குள் சண்டை இல்லை. சில நாள் நான் உருளும் பாத்திரத்தைத் துரத்திக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். கேட்கிறேனா என்று காத்திருப்பாள். கேட்டால் எடுத்துக் கொடுப்பாள். கேட்காவிட்டால் சிரிப்பாள். அம்மாகூட என்னிடம் அப்படி இருந்ததில்லை, ஜியா. அம்மாவுக்கு நான் கடைசி வரைக்கும் காய்ச்சலில் கிடந்த நாலு வயசுப் பிள்ளைதான்.

எனக்கு நாற்பது வயது முடியப்போகிறது. இப்போதுதான் குடித்தனம் பண்ணுகிறேன்.

ரசியா

—

வேலூர்
14-8-1981

ஜியா,

முன்னி சொல்லி உனக்குத் தெரிவதற்குள் நானே எழுதுகிறேன். ரம்ஜானுக்குத் துணி குவிந்துவிட்டது. இடுப்பை அசைக்காமல் மெஷின் முன்னால் உட்கார்ந்ததில் பின்பக்கம் புண்ணாகிவிட்டது. எனக்கு அங்கே உணர்ச்சி கம்மி, தெரியவில்லை. முதுகு தேய்க்கும்போது பச்சையம்மாள்தான் பார்த்தாள். அன்றைக்கே பஸ் ஏற்றி, கூடவே வந்து, பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் போனாள். ஆறுவதற்கு நாளாகும் என்கிறார்கள். குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

நீ லீவு போட்டுக்கொண்டு ஓடிவரவேண்டாம். வீட்டுச் சாவி பச்சையம்மாளிடம் இருக்கிறது.

ரசியா

—

தம்மாம்
20-11-1981

அன்புள்ள ஆபாவுக்கு உங்கள் தம்பியின் சலாம், சலாம், சலாம்!

இந்தக் கடிதம் கைக்கு வரும்போது நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருப்பீர்கள். வாசலில் கால் வைத்ததும், தப்பு, வாசலில் இறங்கியதும் உங்கள் முகம் எப்படி இருந்தது என்று முன்னியை எழுதச் சொல்லியிருக்கிறேன். லீவு முடிந்துவிட்டதால் அந்தக் காட்சியைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

வேலூர் வார்டில் உங்களைக் குப்புறக் கிடக்கப் பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டேன். என் அக்கா தரையில் கிடந்தது போதும். புகையிலும் சாம்பலிலும் உருண்டது போதும். சாவியை பச்சையம்மாளிடமிருந்து வாங்கினேன். பலராமன் மேஸ்திரியைப் பிடித்தேன். மூச்சு விடக் கூடாது, ஆபாவுக்குத் தெரியக் கூடாது என்று சொல்லிவைத்தேன். நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "ஏன்டா கையெல்லாம் சுண்ணாம்பு" என்று கேட்டீர்களே, இப்போது புரிகிறதா?

அடுப்படியில் கடப்பா கல் போட்டு மேடை. கல்லை நானே தேர்ந்தெடுத்தேன், கண்ணாடி மாதிரி பளபளக்கும். மேலே கேஸ் அடுப்பு, நம் தெருவிலேயே முதல் அடுப்பு நமதுதான். மழைத் தண்ணீர் உள்ளே வராமல் தரையைத் தூக்கி மொசைக் போட்டாயிற்று. கொல்லையில் மூன்று படி வைத்துப் புதுக் கக்கூஸ். உங்களுக்குத் தேக்குக் கட்டில், மெத்தை. மெஷினுக்கு மேஜை. உத்தரத்தில் தொங்கிய அந்தக் கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டேன், பார்க்கத் தூக்குக் கயிறு மாதிரி இருந்தது.

இனி நீங்கள் ஒரு துரும்பை நகர்த்த வேண்டாம். முன்னி பிள்ளைகளோடு வந்து உங்களோடேயே இருக்கப்போகிறாள். நீங்கள் கட்டிலில் உட்கார்ந்து சொன்னால் போதும், ராணி மாதிரி. உங்களை ஆரணிக்கு வா என்று சொன்னதுதானே தப்பு? ஆரணியே உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது!

இத்தனை வருஷம் இந்த மணலில் வெந்ததற்கு இப்போதுதான் ஆபா எனக்குத் திருப்தி.

ஜியா

—

திருவண்ணாமலை
18-12-1981

ஜியா,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி ஆரம்பிப்பது என்று ஒரு வாரம் யோசித்தேன். நல்லபடியாக எழுதத்தான் நினைத்தேன். முடியவில்லை.

டாக்ஸியிலிருந்து என்னை முன்னியும் இன்னொருத்தியும் தூக்கிக் கட்டிலில் வைத்தார்கள். தெருப் பெண்கள் எல்லாம் வந்திருந்தார்கள். மேடையைத் தடவிப் பார்த்து, "தம்பின்னா இப்படி இருக்கணும்" என்றார்கள். நானும் சிரித்தேன். எல்லோரும் போன பிறகு ஒரு வாய் டீ குடிக்கலாம் என்று தோன்றியது. கட்டிலிலிருந்து நானாக இறங்கப் பார்த்து விழுந்தேன். தரையோடு இழைந்து அடுப்படிக்குப் போனேன். என் தலைக்கு மேலே கல்லின் அடிப்பக்கம் தெரிந்தது. அதற்கு அடியில் சிவப்பாக சிலிண்டர். நீ சொன்ன பளபளப்பு மேல் பக்கத்தில் இருக்கிறது போலும், நான் இன்னும் பார்க்கவில்லை.

உப்பு எங்கே என்றேன். "மேல இருக்கு ஆபா." டீத்தூள்? "மேலதான்." இந்த வீட்டில் எல்லாமே இப்போது மேலேதான் இருக்கிறது. மேஜைக்கு மேல் மெஷின், மூன்று படிக்கு மேல் கக்கூஸ். மொசைக்கில் சக்கரப் பலகை நில் என்றால் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. பிடித்து எழுந்த கயிறும் இல்லை. எல்லாம் உன் உயரத்துக்குக் கட்டியிருக்கிறாய். உனக்கென்று ஒரு வீடு கட்டி, அதில் என்னைப் போட்டிருக்கிறாய்.

பச்சையம்மாள் வந்தாள். "நாங்கதான் இருக்கோமே, இனிமே எதுக்கு வேலைக்காரி" என்று முன்னி அவளை அனுப்பிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பச்சையம்மாள் வாசலில் நின்று என் வாயையே பார்த்தாள். நான் என்ன சொல்ல? அவள் வந்தாலும் இந்த வீட்டில் காலையில் ஒரு மணி நேரம் போதாது, நாள் முழுக்க என் பக்கத்திலேயே நிற்க வேண்டும். கழனியை விட்டுவிட்டு அவள் ஏன் நிற்க வேண்டும்?

முன்னியைக் குறை சொல்லவில்லை. வேளாவேளைக்குத் தட்டு வருகிறது. அவள் செய்கிற குழம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீர் குடிப்பதை மறுபடி குறைத்துவிட்டேன்.

கட்டிலை வைத்துக்கொள்கிறேன். தரையைக் கூட விடு. அந்த மேடையை மட்டும் எடுத்துவிடச் சொல்லி பலராமனுக்கு ஒரு வரி எழுது. கயிற்றைத் திரும்பக் கட்டச் சொல். நான் கேட்பது இவ்வளவுதான். நீ பிறந்ததிலிருந்து உன்னிடம் எதுவும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன்.

ரசியா

—

தம்மாம்
15-1-1982

ஆபாவுக்கு,

உங்கள் கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. படித்தால் சிரிப்பார்கள். தம்பி கேஸ் அடுப்பு வாங்கிக் கொடுத்தான், அக்கா அதை இடிக்கச் சொல்கிறாள்!

நான் என்ன தெரியாமலா கட்டினேன்? உங்களுக்கு எட்டாது என்று எனக்குத் தெரியாதா? உங்களைச் சமைக்க வைப்பதற்காகக் கட்டவில்லை. சமைக்க விடாமல் இருக்கத்தான் கட்டினேன். உட்கார்ந்த இடத்தில் புண் வந்து புழு வைக்கிற வரைக்கும் உழைத்தது போதாதா? தட்டு வேளாவேளைக்கு வருகிறது என்று நீங்களே எழுதுகிறீர்கள். அதில் குறை என்ன? ஊரில் எத்தனை பேருக்குக் கிடைக்கும் அது?

வெயிலில் நின்று கல் இறக்கினேன். அதை இடி என்று என் கையால் எழுத மாட்டேன். கயிறும் கட்ட வேண்டாம், பிள்ளைகள் விளையாடிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும்.

கொஞ்ச நாள் பொறுத்தால் பழகிவிடும் ஆபா. எனக்கு இந்த ஊர் பழகவில்லையா?

ஜியாவுல்லா

—

திருவண்ணாமலை
10-5-1982

ஜியா,

முன்னி தங்கையின் கல்யாணத்துக்காகப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆரணிக்குப் போயிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் எனக்குச் சாப்பாடு சொல்லிவிட்டுப் போனாள். நான் அந்தப் பக்கத்து வீட்டுக்காரியை அனுப்பி பச்சையம்மாளைக் கூட்டிவரச் சொன்னேன். பச்சையம்மாள் வந்தாள். அவளை அனுப்பி பலராமனைக் கூட்டிவரச் சொன்னேன்.

பலராமன் கையெடுத்துக் கும்பிட்டான். "நான் கட்டனத நானே இடிக்க மாட்டேம்மா. பாய் வந்து கேட்டார்னா நான் இன்னா சொல்லுவேன்?" நீ இடிக்காதே, இது எப்படி நிற்கிறது என்று மட்டும் சொல் என்றேன். குனிந்து என் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினான். "செவுத்துல கொஞ்சம்தான் சொருகியிருக்கு. முன்னாடி இந்த ரெண்டு செங்கல் கால்தான் தாங்குது. இது போச்சுன்னா கல்லு நிக்காது. அடியில மட்டும் உக்காந்துடாதீங்க." பேசிவிட்டு எழுந்து போனான். சுத்தியையும் உளியையும் மறந்து விட்டுவிட்டுப் போனான். பலராமன் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

அடுப்பையும் சிலிண்டரையும் எடுத்து வெளியில் வைக்கச் சொன்னேன், பச்சையம்மாள் வைத்தாள். அப்புறம் அவளைத் தள்ளி நிற்கச் சொன்னேன். "நான் ரெண்டு தட்டு தட்டட்டுமா பாயம்மா?" என்றாள். வேண்டாம் என்றேன்.

நீ கட்டிய மேடைதான் எனக்கு எட்டவில்லை. அதன் கால் எட்டியது. உட்கார்ந்தபடியே அடித்தேன். முப்பத்தேழு வருஷமாக என் உடம்பைத் தூக்கிக்கொண்டு நடப்பது இந்தக் கைகள்தான், அவற்றில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. செங்கல் கலகலத்ததும் கிணற்றுக் கயிற்றை அதில் சுற்றி, நிலைப்படிக்கு வந்து இழுத்தேன். கல் சாய்ந்து, இரண்டாகப் பிளந்து விழுந்தது. தெருவே ஓடிவந்தது. தலையெல்லாம் சிமெண்டுத் தூளோடு நான் அழுதுகொண்டிருந்தேன். சந்தோஷத்தாலா என்று கேட்டால் இல்லை. நீ வெயிலில் நின்று இறக்கிய கல் என்று தெரியும்.

கேட்டுப் பார்த்தேன், நீ செய்யவில்லை. அதனால் நானே செய்தேன். முன்னி சொல்வதற்கு முன் நான் சொல்லிவிடுகிறேன்.

ரசியா

—

தம்மாம்
6-6-1982

ரசியா பேகத்துக்கு,

முன்னி வந்து பார்த்துவிட்டுப் பிள்ளைகளோடு அழுதுகொண்டே ஆரணிக்குப் போய்விட்டாள். இனி உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டாளாம். நானும் மிதிக்க மாட்டேன்.

அந்த அடுப்படியை நான் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தேன், உனக்குத் தெரியாது. என் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்தேன். ஒரு அறையில் எட்டுப் பேர் படுக்கிறோம். ஒவ்வொருவனும் எதையாவது ஒட்டி வைத்திருக்கிறான், பிள்ளை போட்டோ, பொண்டாட்டி போட்டோ. நான் அந்தக் கல்லை ஒட்டி வைத்திருந்தேன். புதிதாக வருகிறவனுக்கெல்லாம் காட்டுவேன், "எங்க ஆபாவுக்கு நான் கட்டிக் கொடுத்தது." கிழித்துவிட்டேன்.

பதினெட்டு வயதில் ஊரை விட்டுக் கிளம்பினேன். பம்பாய், அப்புறம் இங்கே. மூச்சு முட்டுகிறது. என் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் யாரோ என்று கதவுக்குப் பின்னால் ஒளிகிறார்கள். போதும், போய்விடலாம் என்று எத்தனை தரம் பெட்டியை எடுத்திருக்கிறேன் தெரியுமா? ஒவ்வொரு தரமும் உன்னை நினைத்துத்தான் பெட்டியைக் கீழே வைத்தேன். கால் இல்லாத அக்கா, கல்யாணம் இல்லாத அக்கா, நான் விட்டுவிட்டால் அவளுக்கு யார்? உனக்காகத்தான் இங்கே கிடக்கிறேன். என்னால் உனக்கு ஒன்றும் ஆக வேண்டியதில்லை என்றால் நான் எதற்கு இங்கே வெந்துகொண்டிருக்கிறேன், சொல்!

உனக்கு பச்சையம்மாள் இருக்கிறாள். தம்பி இல்லை என்று நினைத்துக்கொள்.

ஜியாவுல்லா

—

திருவண்ணாமலை
1-7-1982

அன்புள்ள ஜியா,

நீ என்று எழுதியிருந்தாய். மடியில் போட்டு வளர்த்தவளை முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டிருக்கிறாய். நானும் ஒன்றும் சொல்லப்போவதில்லை, நான் செய்த காரியத்துக்கு அதுகூட இல்லாமல் இருக்குமா?

பச்சையம்மாள் முன்போலக் காலையில் வந்து, போய்க்கொண்டிருக்கிறாள். பலராமனும் வந்தான். உத்தரத்தில் கயிறு கட்டி, கக்கூஸ் படிகளின் மேல் சரிவு வைத்துப் பூசிக் கொடுத்தான். "இது கட்டறதுதானேம்மா, இடிக்கறது இல்லையே" என்றான். உன் கேஸ் அடுப்பைத் தரையில் வைத்திருக்கிறேன். புகை இல்லை, நல்ல அடுப்பு. அதை நீ வாங்கியது என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். இப்போதெல்லாம் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கிறேன்.

முன்னிக்கு எழுதியிருக்கிறேன். பிள்ளைகளோடு எப்போது வேண்டுமானாலும் வரட்டும், ஆனால் விருந்தாளியாக வரட்டும். பதில் இல்லை.

நீ என்னை ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். எதற்கு அங்கே கிடக்கிறாய் என்று. யோசித்துப் பார்த்தேன். ஆரணியில் மாமனார் வீட்டுக்குப் பக்கத்தில் மனை வாங்கினாய், உன் பிள்ளைகள் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போகிறார்கள், முன்னியின் தங்கை கல்யாணத்தில் உன் பங்கு இருந்தது. அதில் ஒரு தப்பும் இல்லை. ஆம்பிளை சம்பாதிப்பது இதற்கெல்லாம்தான். ஆனால் அந்த அறையில் யார் கேட்டாலும் நீ சொல்வது என் காலைத்தான். நீ அங்கே நிற்பதற்கு நான் இங்கே கிடந்தாக வேண்டியிருக்கிறது. நான் எழுந்து டீ போட்டுக் குடித்துவிட்டால் உனக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போகிறது. அதனால்தான் உனக்கு இவ்வளவு கோபம், கல் உடைந்ததற்காக இல்லை.

பெட்டியை எடுத்தாய், கீழே வைத்தாய் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்து அழுதேன். அப்போதெல்லாம் எனக்கு ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தால் வந்துவிடு என்று சொல்லியிருப்பேன். எனக்குப் பாரம் சுமக்கக் கால் கிடையாது, ஜியா. உன் வாழ்க்கையை என் தலையில் ஏற்றாதே. வரணும் போல இருந்தால் வா, இருக்கணும் போல இருந்தால் இரு. நீ அங்கே இருப்பது எனக்காக இல்லை. இனிமேல் யாராவது கேட்டால் அப்படிச் சொல்லாதே.

ஆபா
ரசியா